அப்ரூவலுக்கு ஒரு கரண்டி

விருந்தாளி வந்தால் வீட்டிலேயே சுலபமாக என்ன இனிப்பு செய்யலாம், குடிக்க என்ன கலந்து கொடுக்கலாம் என்று இன்றைக்கும் தொழில்காரர்கள் இரண்டு மூன்று பேர் எனக்குப் போன் போடுகிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தியவனிடம் நூல் விலை கேட்பார்கள், சாயப்பட்டறை நிலவரம் கேட்பார்கள். என்னிடம் மட்டும் இளநீர் புட்டிங் கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். கடல்பாசியை இளநீரில் போட்டுக் கரையும்வரை காய்ச்ச வேண்டும். கெட்டிப்பால் டின் ஒன்று, தேங்காய்ப்பால் ஒரு டம்ளர், வழுக்கையைப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். ஆறியதும் கண்ணாடிக் கப்பில் ஊற்றி இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் முடிந்தது. அடுப்பு பற்றவைக்கத் தெரியாத ஆம்பிளைகூடச் செய்துவிடலாம். அதற்குச் சாட்சி நானே.

அந்தப் புட்டிங்தான் என் மனைவியைக் கொண்டுபோனது என்று சொன்னால் டாக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் எழுதிக் கொடுத்த காரணங்கள் வேறு. எனக்குத் தெரிந்த காரணத்தை நான் எழுதுகிறேன்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எனக்கு இருந்தது சின்ன யூனிட். குழந்தைகள் உடுப்பு மட்டும் தைத்தோம். சரக்கு வாங்க ஒரே ஒரு வெளிநாட்டு பையர். குளிர்தேசத்துக்காரர், அறுபது வயசு இருக்கும், நெடுநெடுவென்று உயரம், தலை முழுக்க வெள்ளை. வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். பெரிய எக்ஸ்போர்ட்காரர்கள் தங்கள் பையர்களைக் கோயம்புத்தூரில் நட்சத்திர ஓட்டலுக்குக் கூட்டிப் போவார்கள். நான் வீட்டுக்குக் கூப்பிட்டேன். கை நனைத்த வீட்டுக்கு யாரும் கெடுதல் நினைக்க மாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெள்ளைக்காரனுக்கும் அது பொருந்தும் என்று நினைத்தேன்.

முதல் தடவை என் மனைவி பதினான்கு வகை சமைத்தாள். அவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயத்தை மட்டும் தொடவே இல்லை. பாயசத்தைத் தள்ளி வைத்தார். நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே வயிற்றைத் தடவிக் காட்டினார்.

எனக்கு அவமானமாகப் போயிற்று. பையர் ஒரு பீஸைத் தள்ளி வைத்தால் அதற்கு எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான்: சரக்கில் குறை. வேறு காரணம் இருக்கலாம் என்று யோசிக்கிற புத்தி எங்களுக்குப் பழகவில்லை. நம்ம ஊர் இனிப்பு அவர் வாய்க்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். அடுத்த வருகைக்குள் அவருடைய நாக்குக்குத் தகுந்ததைச் செய்துகாட்டுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். ஆசை இருக்கு தாசில் பண்ண என்பார்களே, அந்தக் கதை.

அதுவரை சமையற்கட்டுக்குள் தண்ணீர் குடிக்கக்கூட நான் போனதில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பிஸ்கட்டை அடுக்கடுக்காக வைத்து ஒரு புட்டிங். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு மாம்பழத்தோடு அடித்து ஒன்று. பிறகு இந்த இளநீர் புட்டிங். பானங்களும் அப்படித்தான். கருப்பட்டிப் பாகில் இஞ்சிச்சாறும் எலுமிச்சையும் பிழிந்து, ரம் ஊற்றி, ஐஸ் போட்டால் எவனும் இரண்டாவது கிளாஸ் கேட்பான். நன்னாரி சர்பத்தில் சோடாவும் வோட்காவும். உள்சிவப்புக் கொய்யாவின் சாறு, கிளாஸ் விளிம்பில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி.

சாராய வகை எதுவும் கீழ்வீட்டில் இருக்கக்கூடாது, சாமி அறை இருக்கிறது என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் பாட்டில்களும் ஐஸ் வைக்கும் குட்டி ஃபிரிட்ஜும் மொட்டைமாடி அறைக்குப் போயின. பாகு, சாறு எல்லாம் கீழே தயாராகும். விருந்தன்று நான் ஜக்கைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறி, ஊற்றிக் கலந்து, தட்டில் கிளாஸ்களை வைத்துக்கொண்டு இறங்கி வருவேன். வீட்டுக்காரனும் நானே, சர்வரும் நானே. எங்கள் சாமிக்கு அந்த ஏற்பாட்டில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி சாம்பிள் விஷயம். எங்கள் தொழிலில் சாம்பிள் இல்லாமல் எதுவும் நடக்காது. முதலில் ஒரு பீஸ் தைத்து அனுப்ப வேண்டும். கழுத்து அகலம், கை நீளம் என்று திருத்தம் எழுதி வரும். அதற்குக் கமெண்ட்ஸ் என்று பெயர். திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். மூன்று நான்கு சுற்று போய், ‘அப்ரூவ்டு’ என்று சீட்டுக் கட்டி ஒரு பீஸ் திரும்பி வந்த பிறகுதான் கட்டிங் டேபிளில் துணி விரிப்போம். முப்பது வருஷம் இதிலேயே ஊறியவன், புட்டிங்கை மட்டும் சாம்பிள் பார்க்காமல் பையருக்கு வைப்பேனா?

அப்ரூவல் கொடுக்க ஒரு நாக்கு வேண்டும். என் நாக்கு வெற்றிலை போட்டுப் போட்டுச் செத்துப்போனது. என் மனைவி கணியூர்ப் பக்கம், கரும்புத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று சொட்டு நக்கியே சொல்லிவிடுவாள். முதல் நாள் கரண்டியை அவளிடம் நீட்டினேன்.

“இனிப்பு தூக்கலா இருக்குதுங்க. கடல்பாசியும் கொஞ்சம் கொறைக்கோணும். ரப்பராட்ட இருக்குது” என்றாள்.

“அப்ப ரிஜெக்டா?”

“ரிஜெக்ட் இல்லீங்க. கமெண்ட்ஸோட ஓகே.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வருஷக்கணக்கில் நான் வீட்டில் போனில் கத்தியதையெல்லாம் கேட்டுக் கேட்டே இவ்வளவும் கற்று வைத்திருக்கிறாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் நான் அபிப்பிராயம் கேட்ட முதல் நாள் அது. குழம்பில் உப்பில்லை என்று சொல்லியிருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. வீடு கட்டும்போது கேட்கவில்லை, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் கேட்கவில்லை. ஒரு கரண்டி புட்டிங்குக்குக் கேட்டேன், அவள் முகம் மலர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு பையர் வரும் தேதி தெரிந்தாலே அவளுக்குக் கொண்டாட்டம். காலையில் நான் கம்பெனிக்குக் கிளம்பும்போதே, “இன்னைக்கு என்னங்க சாம்பிளு?” என்று கேட்பாள். சாயந்தரம் ஆறு மணிக்கு நான் வந்ததும் இருவரும் சமையல் மேடையில் நிற்போம். நான் கிண்டுவேன், அவள் ருசி பார்ப்பாள். சாராயம் சேரும் முன்னால் பாகையும் அவள்தான் பார்ப்பாள். மேலே போய்க் கலந்து இறங்கினால் மோந்து மட்டும் பார்த்துவிட்டு, “மருந்து வாசம் அடிக்குதுங்க” என்று மூக்கைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதிகமும் அந்த நாட்களில்தான். இதை எழுதும்போதே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஏனென்றால் அவளுக்குச் சர்க்கரை இருந்தது. ஏழெட்டு வருஷமாக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாமல் இல்லை, தெரியும். மாத்திரை டப்பா சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கும். பெங்களூரில் இருக்கும் என் மகள் ஒரு தடவை வந்திருந்தபோது இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். “அம்மாவுக்கு சுகருங்கப்பா. அவங்க வாயில ஏனுங்கப்பா வெக்கறீங்க?”

“ஒரு கரண்டிதான கண்ணு” என்றேன் நான்.

“ஒரு கரண்டியில என்ன ஆயிரப் போவுது” என்று என் மனைவியும் எனக்காகப் பேசினாள்.

ஒரு சுற்றுக்கு ஒரு கரண்டிதான். ஒரு இனிப்புக்கு நான்கு சுற்று, ஒரு விருந்துக்கு மூன்று இனிப்பு, அது போகப் பாகு வேறு. விருந்துக்கு முந்தின இரண்டு வாரமும் அவள் தினமும் இனிப்புத் தின்றாள். அந்த வாரங்களில் ரத்தம் பரிசோதிக்கவும் போக மாட்டாள். போனால் தெரிந்துவிடும் அல்லவா?

விருந்து என்னவோ ஜோராக நடந்தது. இரண்டாம் தடவை வந்தபோது அந்த வெளிநாட்டுக்காரர் கப்பை வழித்துச் சாப்பிட்டார். நான் மாடியிலிருந்து ஐஸோடு இறங்கி வந்து பார்க்கிறேன், காலிக் கப்! மற்ற இரண்டு இனிப்பையும் தன் டிரைவர் பக்கம் நகர்த்திவிடுவார், பானத்தையும் இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார். அது அவர் வயசுக்குச் சரிதான் என்று விட்டுவிட்டேன். புட்டிங்கை ஜெயித்துவிட்டேன், அது போதும். ஆர்டர் கிடைத்தது தையலால் இல்லை, புட்டிங்கால்தான் என்று காதர்பேட்டை பனியன் சந்தை வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்கடுத்த தடவையிலிருந்து அவருடைய கப்பின் காம்பில் என் மனைவி சிவப்பு நூல் ஒன்றைச் சுற்றிக் கட்டிவைத்தாள். கம்பெனி வேஸ்ட் நூல்தான். எதற்கு என்று கேட்டேன். “அவுரு கப்பு மாறிறக் கூடாதுங்க” என்றாள். நானும் அவருடைய டிரைவரும் சாப்பிடும் கப்போடு கலந்துவிடக்கூடாது, விருந்தாளிக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கப்பை மட்டும் அவளே உள்ளேயிருந்து எடுத்து வந்து வைப்பாள்.

ஐந்தாவது வருஷம் கொய்யா பானத்துக்கு மெல்லிய காம்பு வைத்த கிளாஸ்கள் வாங்கினேன். ஒரு சாயந்தரம் சாம்பிள் பார்க்கும்போது என் ஈரக்கையில் வழுக்கி ஒன்று சமையற்கட்டுத் தரையில் விழுந்து நொறுங்கியது. நானே துடைப்பத்தை எடுத்துக் கூட்டினேன். ஏதோ பெரிய வேலை செய்துவிட்டது போல அவளிடம், “பாத்தியா, உனக்கு வேலை வெக்கல” என்றும் சொன்னேன்.

குழந்தைகள் உடுப்பில் ஒரு சட்டம் உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் மிஷின் நிற்க வேண்டும். உடைந்த துண்டு அத்தனையும் கிடைத்து, பொருத்தி வைத்துப் பார்த்தால் முழு ஊசியாக இருக்க வேண்டும். நுனி மட்டும் கிடைக்காவிட்டாலும் அங்கே கிடக்கும் துணி மொத்தத்தையும் ஒதுக்க வேண்டும். ஒரு நுனிக்காக தையல் லைன் முழுவதையும் நிறுத்தி, தரையில் நானே மண்டியிட்டுக் காந்தம் வைத்துத் தேடியிருக்கிறேன். யாரோ ஒரு தேசத்தில் யாரோ ஒரு குழந்தைக்குக் குத்திவிடக்கூடாது என்று. என் வீட்டுச் சமையற்கட்டில் கிளாஸ் துண்டுகளை நான் பொருத்திப் பார்க்கவில்லை. துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு அடுத்த கிளாஸில் சாறு ஊற்றினேன்.

வீட்டுக்குள் அவள் செருப்புப் போட மாட்டாள். பாதம் மரத்துப்போயிருந்ததை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகக் கிடந்தது. “கொய்யாச் சாறு சிந்திப்போட்டுத் தொடைக்காமப் போயிட்டீங்க” என்று என்னைக் கடிந்துகொண்டே அவளே துடைத்தாள். நானும் பார்த்தேன். சாறு என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் அவள் அந்தக் காலோடு நடந்தாள். மூன்று நாளும் நாங்கள் சாம்பிள் பார்த்தோம். நான்காம் நாள் விருந்து. பையர் போன மறுநாள் குளிரும் காய்ச்சலுமாகப் படுத்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தபோது விரல்களுக்குக் கீழே கண்ணாடி கிழித்த இடம் கறுத்து, நாற்றம் வந்தது.

கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி. முதலில் இரண்டு விரல் போயிற்று. பிறகு பாதி பாதம். அப்புறம் முழங்காலுக்குக் கீழே மொத்தமாக. ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டது நான்தான். ஏன் இவ்வளவு தாமதம், சர்க்கரை இந்த அளவுக்கு ஏறியது எப்படி, என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டர் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

கடைசி நாட்களில் முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் என் கையைச் சுரண்டி, மாஸ்க்கை ஒதுக்கிக்கொண்டு ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன். “அவுரு வந்தா... அந்த நூல் கட்டுன கப்புல...”

“இப்ப எதுக்கு அந்தக் கப்புப் பேச்சு? சும்மா படு புள்ள” என்று அதட்டினேன். சாகப் போகிற நேரத்திலும் விருந்தாளியை நினைக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவள் மறுபடி மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டாள். ஐம்பத்தொரு வயசு.

யூனிட்டை வேறு ஒருவரிடம் விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து அந்த வெளிநாட்டுக்காரர் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். இனி எனக்கு ஆர்டர் கொடுக்க அவருக்கு ஒன்றும் இல்லை, எனக்கு வாங்கவும் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் வந்தார். வருகிறார் என்று தெரிந்ததும் நான் காலையிலேயே இளநீர் வாங்கி வந்து புட்டிங் செய்தேன். கரண்டியை நீட்ட ஆள் இல்லை. அளவு எனக்கு மனப்பாடம், கைக்கும் மனப்பாடம். அவள் சொல்லவந்தது நினைவுக்கு வந்தது. கப்பை மாற்றக்கூடாது என்று தேடிப் பிடித்து, சிவப்பு நூல் கட்டிய கப்பிலேயே ஊற்றி வைத்தேன். அவள் கடைசி ஆசையை நிறைவேற்றிவிட்ட திருப்தி எனக்கு.

மத்தியானம் வந்தார். மாலை போட்ட படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். உட்கார்ந்ததும் கப்பை வைத்தேன். நூலைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது. கரண்டியை எடுத்துப் பெரிதாக ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். அப்படியே நிறுத்திவிட்டார். கப்பைத் தூக்கி, நூலைத் திருப்பிப் பார்த்தார்.

இதில் சர்க்கரை போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்.

எப்போதும் போடுவதுதான், ஒரு டின் முழுக்கக் கெட்டிப்பால் என்றேன்.

அவர் கரண்டியை மெதுவாக வைத்துவிட்டு, பையிலிருந்து மாத்திரைப் பட்டை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். எங்கள் வீட்டு டப்பாவில் இருந்த அதே நிற மாத்திரை. தனக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை என்றார். என் ஓட்டை இங்கிலீஷுக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார். இரண்டாம் தடவை விருந்துக்கு வந்தபோது நான் ஐஸ் எடுக்க மாடிக்குப் போயிருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் மாத்திரையை எடுத்திருக்கிறார். என் மனைவி பார்த்திருக்கிறாள். அவளுக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவள் பாஷை தெரியாது. உள்ளே போய்த் தன் டப்பாவைக் கொண்டுவந்து அவர் பட்டையின் பக்கத்தில் வைத்துக் காட்டினாளாம். இருவரும் சிரித்தார்களாம். அவருக்கு வைத்திருந்த கப்பை உடனே எடுத்துக்கொண்டு போய், வழுக்கையும் இளநீரும் மட்டும் போட்டுக் கொண்டுவந்தாளாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவருக்கென்று கடல்பாசி, இளநீர், தேங்காய்ப்பால் மட்டும் சேர்த்துத் தனியாக ஒரு கப். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை. அடையாளத்துக்கு நூல்.

உங்களுக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன் என்றார்.

முதல் தடவை அவர் கச்சாயத்தைத் தள்ளி வைத்த காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறை சரக்கில் இல்லவே இல்லை. இவருக்காகத்தான் இத்தனை சுற்று சாம்பிள் போனது. அன்றைய இரண்டு வாயைத் தவிர இவர் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை.

அவள் ஏன் தனக்கும் அப்படி ஒரு கப் செய்துகொள்ளவில்லை என்று அவரிடமே கேட்டேன். வேறு யாரிடம் கேட்பது?

தானும் அதைக் கேட்டதாகச் சொன்னார். அவளைக் காட்டி, டப்பாவைக் காட்டி, அடுப்படியில் இருந்த பாத்திரத்தைக் காட்டிச் சைகையில் கேட்டிருக்கிறார். அவள் மாடிப்படியைக் காட்டினாளாம். நான் அங்கே ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம். கரண்டியை வாயில் வைப்பது போலக் காட்டி, இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம். “அப்ரூவல்.” அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு பெருமை இருந்தது என்றார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்து கப்பைக் கழுவினேன். அந்த வீட்டில் விருந்தாளி சாப்பிட்ட கப்பை நான் கழுவியது அதுதான் முதல் தடவை. ஐந்து வருஷம் அந்தக் கரண்டியை நீட்டினேன். நீட்டும்போதெல்லாம் எப்படி இருக்குது என்று கேட்டேன். நீ சாப்பிடலாமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.